கயிறு கட்டிய டீப்பெட்டி

அமெரிக்கா சுதந்திரம் அடைந்ததற்கு ஆலம்பரைக் கோட்டைதான் காரணம் என்று அரசப்பன் முதன்முதலாகச் சொன்னபோது, அமராவதி பால் பொங்கி வழியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் மறுத்துப் பேசவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று. மறுக்காமல் விட்ட எதுவும் அரசப்பனிடம் மறுநாளே சரித்திரமாகிவிடும்.

மரக்காணத்தில் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி உப்பளத்துக்குப் போகும் மண்பாதையின் முனையில் இருந்தது அவள் டீக்கடை. தகரக் கூரை, ஒரு பாய்லர், இரண்டு பெஞ்சு. காலையில் அளத்தில் உப்பு வாரும் ஜனங்களுக்குக் கேனில் டீ போகும். உண்மையைச் சொன்னால் அந்தக் கேன்தான் கடை. சாலையில் போகிற கார்க்காரர்கள் நிறுத்தி வழி கேட்பார்களே தவிர, டீ கேட்டதில்லை.

டீத்தூள் கோட்டக்குப்பம் நியாஸ் கொடுப்பது. நீலகிரியில் விளைந்து, கப்பலேறி துபாய் போய், அங்கே நியாஸின் மச்சான் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, எந்த அதிகாரியின் தூக்கத்தையும் கெடுக்காமல் ஊர் திரும்பிய தூள். உள்ளூர்த் தூளைவிடக் காட்டமாக இருந்தது. வெளிநாடு போய் வந்த திமிராக இருக்கலாம்.

அரசப்பன் ஒரு காலத்தில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அவர் போகாத துறைமுகம் இல்லை. போன இடங்களை எல்லாம் அடுப்படி ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்தில் மட்டும் இயந்திரம் பழுதாகி மூன்று நாள் கரையில் இறங்க விட்டார்கள். அந்த மூன்று நாளை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

"கேளும்மா," என்பார். "இங்கிலீஷ்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் ஏழு வருஷம் சண்டை. அமெரிக்காவுல அடிச்சிக்கிறான், இங்க வந்தவாசியில அடிச்சிக்கிறான், பாண்டியில அடிச்சிக்கிறான். போற போக்குல நம்ம ஆலம்பரைக் கோட்டையையும் இடிச்சிட்டான். வெடிமருந்து சும்மா வருமா? ராஜாவுக்குக் கழுத்து மட்டும் கடன். அதைத் தூக்கி பாஸ்டன்காரன் தலையில கட்டிட்டான்."

"ஆலம்பரைக்கும் பாஸ்டன்காரனுக்கும் இன்னாண்ணா சம்பந்தம்?"

"அதையேதான் அவனும் கேட்டான். கலகம் அங்கதான் ஆரம்பிச்சுது."

அந்தக் கால அமெரிக்காக்காரர்களைப் பற்றிப் பேசும்போது அரசப்பனின் குரலில் ஒரு சொந்தக்காரத் தோரணை வந்துவிடும். தானே மரம் வெட்டி, தானே வீடு கட்டி, தானே மெழுகுவத்தி ஊற்றி, தானே நூல் நூற்று உடுத்தியவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராஜாவை ஒருத்தனும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ராஜாவின் பிறந்தநாளுக்குப் பீரங்கி வெடித்தார்கள். அவ்வளவு பாசம்.

"சர்க்கரைப் பாகுக்கு வரி போட்டான். முனகிட்டுக் கட்டினான். அப்பறம் பத்திரத்துக்கு முத்திரை ஒட்டுன்னான், பேப்பருக்கு ஒட்டுன்னான், சீட்டுக்கட்டுக்குக்கூட முத்திரை ஒட்டுன்னான்."

"சீட்டுக்கட்டுக்குமா?" என்று பெஞ்சில் இருந்த உப்பளத்து ஆண்கள் கேட்டார்கள். அமெரிக்கர்கள் மேல் மரக்காணத்துக்கு முதன்முதலாக இரக்கம் பிறந்தது அந்த இடத்தில்தான்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. ஆனால் அந்தப் பங்குனியில் உப்பள முதலாளி வெங்கடாசலத்துக்குத் தன் ஜனங்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அவருடைய மச்சான் திண்டிவனத்தில் 'ராஜமுத்திரை டீ' என்று ஒன்றை ஏஜென்சி எடுத்திருந்தார். முத்திரை எடுப்பாக இருந்தது. டீதான் விற்கவில்லை. குடோன் நிறையத் தேங்கிக் கிடந்த பெட்டிகள், ஒரு வேனில் ஏறி உப்பளக் கொட்டகைக்கு வந்து இறங்கின. இனிமேல் அளத்திலேயே டீ போட்டுக் கொடுக்கப்படும். அமராவதி விலையில் பாதிதான். அது வாரக்கூலியில் தானாகப் பிடித்துக்கொள்ளப்படும். வெளி டீ அளத்துக்குள் வரக்கூடாது. மேஸ்திரி திருமுருகன் இதை ஒலிபெருக்கி இல்லாமலே ஒலிபெருக்கி போல அறிவித்தான். மறுநாள் காலை கேனோடு போன அமராவதியை வரப்பிலேயே கைகாட்டி நிறுத்தினான்.

"உள்ள வராதக்கா. ஆர்டர்."

"டேய், நேத்து வரைக்கும் என் டீய குடிச்சிட்டுதானேடா மீசைய முறுக்குன?"

"மீசை என்னுது. ஆர்டர் மொதலாளிது."

கேனோடு திரும்பினாள். அன்றைக்குக் கொட்டிய டீயில் கடை வாசல் மண் சிவந்து கிடந்தது.

சாயந்திரம் வெங்கடாசலமே வந்தார். நல்ல மனிதர், யாரையும் அதட்டமாட்டார். பெஞ்சில் துண்டைப் போட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"உன் பொழப்புல மண்ணு போடணும்னு எனக்கு எண்ணமே கெடையாதும்மா. ஜனங்களுக்குப் பாதி விலையில கிடைக்குது. நல்லதுதானே?"

"ஜனங்களைக் கேட்டீங்களா மொதலாளி?"

"நல்லது செய்றதுக்கு எதுக்கும்மா கேக்கணும்?" என்றார் வெங்கடாசலம், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு. பிறகு, "ஒரு டீ போடேன், ஸ்ட்ராங்கா. அந்த ராஜமுத்திரை எனக்கு ஒத்துக்கலை," என்றார்.

அவர் போன பிறகு அரசப்பன் தொண்டையைச் செருமினார். அமராவதி முதன்முறையாகப் பாய்லரை விட்டுவிட்டுத் திரும்பி நின்று கேட்டாள்.

"பாஸ்டன்லயும் இதே கதைதாம்மா. கம்பெனி குடோன்ல டீ மலையா தேங்கிப்போச்சு. எந்தக் கம்பெனி? நம்மளை ஆண்டுச்சே, அதே கம்பெனி. ராஜா இன்னா பண்ணான், நேரா அமெரிக்காவுக்கு அனுப்பு, சல்லிசா குடு, வரியை உள்ளயே வெச்சிடுன்னான்."

"சல்லிசா?"

"கள்ளத்தனமா வர்ற டீயவிடச் சல்லிசு. அப்பிடியும் பாஸ்டன்காரன் அத்தினி டீயையும் கடல்ல கொட்டிட்டான்."

"அப்பறம் ஏன்ணா கொட்டினாங்க?"

"கேக்காம குடுத்தான்ல. அதான்."

அமராவதி யோசித்தாள். "அங்க டீ வித்துட்டு இருந்தவங்க இன்னா ஆனாங்க?"

அரசப்பன் அவளை ஒரு கணம் மரியாதையாகப் பார்த்தார். "நல்லா கேட்ட. ஒரு வியாபாரி இருந்தான். வரி கட்டாம சரக்கு இறக்குறதுல பெரிய கை. கலகத்துல முன்னாடி நின்னான். பின்னாடி சுதந்திரப் பத்திரத்துல பெருசா மொதக் கையெழுத்து அவனுதுதான்."

அமராவதி நியாஸ் கொடுத்த தூள் டப்பாவைப் பார்த்தாள். சரித்திரத்தில் தனக்கு ஓர் இடம் இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் கலகத்துக்கு ஜனங்கள் வேண்டும். ஜனங்களோ சந்தோஷமாக இருந்தார்கள். பாதி விலை டீ, சூடாக இருந்தது, பேப்பர் கப்பில் ராஜமுத்திரை வேறு. "கேக்காம குடுத்தா இன்னாக்கா? கேட்டுட்டுக் குடுக்காம இருக்கிறவங்க எத்தினியோ பேரு," என்றார்கள். அமராவதி பெஞ்சு இரண்டும் காலியாக, நாளெல்லாம் ஈ ஓட்டினாள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் பாய்லரை எடைக்குப் போட வேண்டியதுதான்.

அவளைக் காப்பாற்றியது தனகோடி. அளத்தில் மதகு பார்க்கிறவள்; உப்பங்கழியில் கடல் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத் திறந்து பாத்திகளுக்கு விடுவதும், வடியும்போது அடைப்பதும் அவள் வேலை. தனகோடி சொன்னால் அளத்தில் முப்பது பேர் கேட்பார்கள். அவள் பிறந்ததிலிருந்து டீ குடித்ததில்லை. நீராகாரம் மட்டும்தான்.

அந்த வாரம் கூலி வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாள்.

"எனக்குமா டீக்குப் புடிச்சிருக்கான்!"

"நீதான் குடிக்கிறதில்லையே," என்றாள் அமராவதி, அடுப்பை ஊதிவிடுகிறவளின் பக்குவத்தோடு.

"அதான் மேஸ்திரிகிட்ட கேட்டேன். குடிக்கிறதும் குடிக்காததும் உன் இஷ்டம், புடிக்கிறது கம்பெனி இஷ்டம்ங்கறான்."

அரசப்பன் எழுந்தே நின்றுவிட்டார். "பாஸ்டன்!" என்றார்.

ஆக, டீக்கான போராட்டத்துக்கு டீயே குடிக்காதவள் தலைவி ஆனாள். சட்டதிட்டங்களை அரசப்பன் விளக்கினார். பாஸ்டனில் ஜனங்கள் செவ்விந்தியர் வேஷம் போட்டுக்கொண்டு கப்பலேறினார்கள். டீப்பெட்டிகளைப் பிளந்து கடலில் கொட்டினார்கள். வேறு ஒரு சாமானைத் தொடவில்லை. பூட்டு ஒன்று உடைந்துவிட்டது. மறுநாள் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். போகும்போது கப்பலைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனார்கள்.

"நீ பார்த்தியா?" என்றாள் தனகோடி.

"நானே ஒரு பெட்டி தூக்கிப் போட்டேன்."

இது உண்மை. பாஸ்டன் துறைமுகத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனால் ஒரு பழைய மாதிரிக் கப்பலில் ஏற்றி, வருகிற ஆளுக்கெல்லாம் ஒரு டீப்பெட்டி கொடுத்துத் தண்ணீரில் வீசச் சொல்வார்கள். பெட்டியில் கயிறு கட்டியிருக்கும். வீசினதும் இழுத்து அடுத்த ஆளிடம் கொடுப்பார்கள். கயிற்றைப் பற்றி மட்டும் அரசப்பன் அன்றைக்குச் சொல்லவில்லை.

வேஷம்தான் சிக்கல். "அவங்க இந்தியர் வேஷம் போட்டாங்க. நாம ஏற்கெனவே அதுதானே?" என்று கேள்வி வந்தது. அரசப்பன் தாடையைச் சொறிந்தார். அப்படியென்றால் முறைப்படி இங்கே அமெரிக்கர் வேஷம்தான் போட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னார்.

தனகோடியின் மகள் ரேகா குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் துணி துவைக்கிறவள். துவைக்க வந்ததில் ஒரு மூட்டை ஒரு நாள் தாமதமாகக் காய்ந்தது. தொளதொள கால்சட்டை, பூப்போட்ட சட்டை, அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. பாக்கி வெளுப்புக்கு முகப் பவுடர் இரண்டு டப்பா போயிற்று.

நேரத்தையும் யோசித்து வைத்தார்கள். உப்பளத்தில் காலை வேலை முடிந்து ஜனங்கள் கஞ்சிக்குப் போன பிறகு, வெள்ளைப் பாத்திகள் வெயிலில் கண்ணைப் பறிக்கும்போது ஒரு ஜீவன் அங்கே நிற்காது. நின்றால் அது போட்டோ எடுக்க வந்த வெள்ளைக்காரனாகத்தான் இருக்கும். தனகோடியும் அரசப்பனும் சேர்த்து ஆறு வெள்ளைக்காரர்கள் வரப்பில் வரிசையாக நடந்து போனதை திருமுருகனும் பார்த்தான். வண்டி நிழலில் படுத்திருந்தவன் எழுந்து ஓடிவந்தான்.

"ஹலோ! வெல்கம்! போட்டோ?"

"யா," என்றாள் தனகோடி.

அவர்களிடம் கேமரா இல்லாததைப் பார்த்து இரக்கப்பட்டுத் தன் போனிலேயே எடுத்தான். ஆளுக்கொரு டீப்பெட்டியைக் கையில் கொடுத்தால் அழகாக இருக்கும் என்று யோசனை சொன்னதும், கொட்டகையிலிருந்து முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவன்தான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வெயில் தாங்காமல் அவன் வண்டியடிக்கே போய்ப் படுத்துவிட்டான்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பெட்டிகளைக் கழியிலிருந்து அளத்துக்கு வரும் வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, கொத்துக் கொத்தாகக் கொட்டினார்கள். வேறு எதையும் தொடவில்லை. கொட்டகையைப் பெருக்கினார்கள். உடைப்பதற்கு அங்கே பூட்டே இல்லை. ஆனாலும் பாஸ்டன் முறைப்படி ஒரு புதுப் பூட்டு வாங்கிவந்து வைத்தார்கள். அமராவதி சாலையோரம் காவல் நின்று, ஒரு தூள் விடாமல் கடலுக்குப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வடியும் தண்ணீரில் எல்லாம் போய்விடும் என்று அரசப்பன் சொல்லியிருந்தார். கப்பல்காரர் ஆயிற்றே.

ஆனால் தண்ணீர் வடியவில்லை. ஏறிக்கொண்டிருந்தது. பௌர்ணமிக்கு மறுநாள். கழி விளிம்பு வரை தளும்பி, மதகுப் பலகையில் முட்டிக்கொண்டு நின்றது.

தனகோடி தொப்பியும் கண்ணாடியுமாக அதைப் பார்த்தாள். மாதத்தில் ஓரிரு நாள்தான் அவ்வளவு தண்ணீர் ஏறும். மதகுக்காரி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எப்படி? புரட்சியை அவள் மறக்கவில்லை, கைதான் மறந்துவிட்டது. குனிந்தாள், பலகையைத் தூக்கினாள். வாய்க்கால் தண்ணீர் மொத்தமும், ராஜமுத்திரை மொத்தத்தையும் வாரிக்கொண்டு, பாத்திகளுக்குள் பாய்ந்தது.

"அய்யய்யோ, தொறந்துட்டியா?" என்று அரசப்பன் கத்தினார்.

"தண்ணி வந்துச்சே!" என்றாள் தனகோடி, வேறு என்ன செய்யச் சொல்கிறாய் என்பது போல.

வெங்கடாசலம் யாரையும் அதட்டவில்லை. திருமுருகனின் போனில் இருந்த படத்தைக் காட்டினால், ஆறு வெள்ளைக்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். போலீசுக்குப் போனால் எந்த நாட்டுத் தூதரகத்தில் புகார் கொடுப்பது என்று கேட்பார்கள். பேசாமல் இருந்துவிட்டார். ராஜமுத்திரை டீ நின்றது. அமராவதியின் கேன் மறுபடி வரப்பேறியது. புரட்சி வென்றுவிட்டதாக அவள் அரசப்பனுக்கு ஒரு வடை இலவசமாகக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பாத்திகளில் உப்பு பூத்தது. காவி நிறத்தில்.

வெங்கடாசலம் வரப்பில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டதை ஊரே பார்த்தது. மண்ணோடு சேர்த்துக் கொட்டிவிடச் சொன்னார். அதற்குள் நிஜமாகவே போட்டோ எடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரி ஒரு படிகத்தை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். அடுத்த வாரமே குயிலாப்பாளையத்துக் கடை ஒன்றில், சின்னக் கண்ணாடிப் புட்டியில், கார்க் மூடியோடு, மரக்காணத்து டீ உப்பு இருந்தது. ஒரு புட்டியின் விலைக்கு அமராவதி கடையில் ஒரு மாதம் டீ குடிக்கலாம்.

அதன்பின் வெங்கடாசலம் கடைக்கு வந்து துண்டைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த உப்புக்குன்னு புதுசா தூள் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், கட்டுப்படியாகலைம்மா. உன் டீதான் காட்டம். நீ வடிகட்டிட்டுக் குப்பையில போடற டீச்சக்கை இருக்குல்ல, அதைக் குடு. பதிலுக்கு அளத்துல உன் டீ மட்டும்தான். வேற ஒருத்தனும் உள்ள வரமாட்டான். என் கையெழுத்து."

அமராவதிக்குப் பாய்லர் சத்தம் பாட்டாகக் கேட்டது. "எவ்ளோ சக்கை வேணும் மொதலாளி?"

"எவ்ளோ வந்தாலும். மூட்டை மூட்டையா."

சக்கை வேண்டுமானால் டீ ஓட வேண்டும். காலையில் ஒரு கேன் போன இடத்தில் காலை, பதினொரு மணி, மாலை என்று மூன்று வேளை போயிற்று. குடிக்கிறவர்களை எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. வாரக்கூலியிலேயே பிடித்துக் கொடுத்துவிடும்படி திருமுருகனிடம் சொன்னாள். பால் விலை ஏறியதால் ஒரு ரூபாய் கூட்டினாள். இரண்டாவது பாய்லர் வந்தது. கடைக்குப் பெயர்ப்பலகையும் வந்தது. அதில் அவள் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னாள்.

சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு தனகோடி வந்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"ஏன்க்கா, மூணு வேளைக்குப் புடிச்சிருக்குது. நான்தான் டீயே குடிக்கிறதில்லையே?"

"குடியேன்டி. வெயில்ல வேலை செய்றீங்க, உடம்புக்குத் தெம்பு. உங்க நல்லதுக்குத்தானே செய்றேன்?"

"எங்களைக் கேட்டியா?"

"நல்லது செய்றதுக்கு எதுக்குடி..." என்று ஆரம்பித்த அமராவதி பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தை இதற்கு முன் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. பெஞ்சில் யாராவது துண்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தாள். அரசப்பன் மட்டும்தான் இருந்தார், வடையைப் பிட்டுக்கொண்டு.

அவர் தொண்டையைச் செருமினார்.

"வேணாம்ணா," என்றாள் அமராவதி.

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா. சுதந்திரம் வாங்கின கொஞ்ச வருஷத்துல அமெரிக்காக்காரனே சாராயத்துக்கு வரி போட்டான். மலைப்பக்கத்து ஜனம் கெளம்பிடுச்சு. அந்தக் கதை உங்களுக்கு எதுக்கு?"

"எந்தக் கதைண்ணா?" என்றாள் தனகோடி, பெஞ்சில் உட்கார்ந்து. மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். "வேஷம் போட்டாங்களா அதுக்கும்?"

"போடாமலா? மூஞ்சியில கரி, பொம்பளைங்க துணி."

அமராவதி கேட்காதவள் போல உள்ளே போனாள். நியாஸ் கொடுத்த தூள் டப்பாவைப் பலகையிலிருந்து எடுத்தாள். அதன் கைப்பிடியில் ஒரு நைலான் கயிற்றைக் கோத்து, மறுமுனையைக் கூரைக் கம்பத்தில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

அரசப்பன் கழுத்தை நீட்டி முடிச்சைப் பார்த்தார். "பாஸ்டன்ல கூட இப்பிடித்தான் கட்டியிருந்தான்," என்றார், பாராட்டாக.

தனகோடி கயிற்றின் நீளத்தைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, இந்தத் தடவை மறக்காமல், கழியில் தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று பார்த்தாள்.